ஓம் விதிக்குப் படிக்கல் செய்தவர்கள்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். ஓர் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுத்துக்கொண்டால் அதன் தடை 46 ஓம், திறன் 1150 வாட். பள்ளி மாணவர் ஒரு நிமிடத்தில் போட்டு முடித்துவிடும் கணக்கு இது. இதற்கு உரியவராகப் பாடநூல்கள் ஒரே ஒரு பெயரைச் சொல்கின்றன: ஜார்ஜ் சைமன் ஓம். கொஞ்சம் விரிவான நூலாக இருந்தால் 1827 என்ற ஆண்டும் இருக்கும். ஓம் கண்டது மகத்தான உண்மைதான். ஆனால் அவர் காலத்தில் இந்தக் கணக்கை யாராலும் போட்டிருக்க முடியாது. போட வேண்டிய எண்களே அப்போது உலகத்தில் இல்லை. அந்த எண்களை உண்டாக்கியது தந்தித் தொழில். அதிலும் குறிப்பாக, கடலுக்கடியில் கேபிள் போட்டுப் பெரும் பணத்தை இழந்த தொழில். அந்த இழப்பின் கதை தெரியாதவர்களுக்கு ஓம் விதி வானத்திலிருந்து விழுந்த சூத்திரமாகவே தோன்றும்.

ஓம் செய்த சோதனையை முதலில் கிட்டத்தில் பார்த்துவிடுவது நல்லது. எர்லாங்கன் ஊரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789-ல் பிறந்தவர் அவர். 1820-களில் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்தார். 1825-ல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் சூத்திரம் தவறாகவே வந்தது. காரணம், அன்றைய மின்கலங்கள் சுற்றை இணைத்த சிறிது நேரத்திலேயே வலுவிழக்கும். அளந்துகொண்டிருக்கும்போதே அளவு மாறிவிடும். போகன்டார்ஃப் என்ற இதழாசிரியர் மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தச் சொன்னார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால், நாள் முழுவதும் அசையாத ஒரு மின்னியக்கம் கிடைத்துவிடும். மின்னோட்டத்தை அளக்க, இழையில் தொங்கும் காந்த ஊசியைக் கொண்ட முறுக்குத் தராசு ஒன்றை ஓம் அமைத்தார். ஒரே தடிமனுள்ள 8 செப்புக் கம்பிகளை வெட்டிக்கொண்டார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரியில் எடுத்த ஒரு வரிசையில் 2 அங்குலக் கம்பிக்குத் தராசு 326¾ காட்டியது. 130 அங்குலத்துக்கு 48½ காட்டியது. 7285 என்ற எண்ணை, கம்பியின் நீளத்தோடு 20¼ சேர்த்து வகுத்தால் இந்த அளவுகள் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும் என்று அவர் கண்டார். அந்த 20¼ என்பது கம்பியைத் தவிர்த்த மீதிச் சுற்றின் தடை.

அந்த 20¼ எந்த அளவில் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது அங்குலக் கணக்கு. அதாவது, ஓம் கையில் இருந்த அந்தக் குறிப்பிட்ட செப்புக் கம்பியின் அங்குலங்கள். மின்னோட்டம் அந்தக் குறிப்பிட்ட இழை எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதால் சொல்லப்பட்டது. மின்னியக்கமோ அந்தக் குறிப்பிட்ட பிஸ்மத் துண்டுக்குச் சொந்தமானது. பெர்லினிலோ லண்டனிலோ இன்னொருவர் இதே சோதனையைச் செய்தால் உறவு அதுவே வரும். எண்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. தராசு சரியாக நிற்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் படிக்கல் வேறு என்ற நிலை. அப்படிப்பட்ட சந்தையில் எடை என்ற கருத்து எல்லாருக்கும் புரியும், சரக்கு மட்டும் கைமாறாது. 1827-ல் ஓம் தம் நூலை பெர்லினில் வெளியிட்டபோது ஜெர்மானிய அறிஞர்களில் பலர் அதை அலட்சியப்படுத்தினார்கள் என்பதும், அவர் கொலோன் வேலையை விட்டுச் சில ஆண்டுகள் நிலையான பதவி இல்லாமல் இருந்தார் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் சோகக் கதை. அந்த அலட்சியத்துக்குத் தத்துவப் பிடிவாதம் ஒரு காரணம். வேறொரு காரணம், அந்த விதியை வைத்துக்கொண்டு அன்று செய்வதற்கு யாருக்கும் வேலை எதுவும் இல்லை என்பது.

இங்கே ஒருவர் மறுத்துப் பேசலாம். ஹென்றி கேவண்டிஷ் 1781-லேயே ஏறக்குறைய இதே உறவைக் கண்டுவிட்டாரே, தந்தி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அல்லவா அது? உண்மைதான். அளவுமானி எதுவும் இல்லாத நிலையில், தம் உடம்பில் வாங்கிய அதிர்ச்சியின் கடுமையை ஒப்பிட்டு ஒப்பிட்டே அவர் அதைக் கண்டார். அந்தப் பொறுமையை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குறிப்புகளை அவர் வெளியிடவில்லை; மேக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தது 1879-ல். ஓமுக்கும் லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்லி பதக்கம் கொடுத்துவிட்டது. அதுவும் கடல் கேபிள்களுக்கு முன்புதான். ஆக, உண்மையைக் கண்டறியவும் பாராட்டவும் தொழில் தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது கணக்கைப் பற்றி. ஓர் ஊரில் அளந்த தடையை இன்னோர் ஊரில் எண்ணாக எழுதி அனுப்பினால் அங்கே இருப்பவருக்கு அது பொருள்படவேண்டும். அந்த வசதிக்கு அறிஞர்களின் மெச்சுதல் போதவில்லை. 1843-ல் ராயல் சொசைட்டியில் ஓம் விதியை விளக்கி, தடையை ஒப்பிடும் சுற்றையும் காட்டிய வீட்ஸ்டனே ஒரு தந்திக்காரர்; 1837-ல் குக்கோடு சேர்ந்து தந்திக்குக் காப்புரிமை வாங்கியவர். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்தச் சமனச் சுற்று, சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவர் 1833-ல் கண்டது. வீட்ஸ்டன் அதைக் கிறிஸ்டியின் பெயரைச் சொல்லியே அறிமுகப்படுத்தினார். அவர் வைத்துக்கொண்ட அலகு ஓரடிச் செப்புக் கம்பி. ரஷ்யாவில் ஜாக்கோபி வேறொரு செப்புச் சுருளைச் செய்து அறிஞர்களுக்கு அனுப்பினார். பிரெஞ்சுத் தந்தியில் ஒரு கிலோமீட்டர் இரும்புக் கம்பி அலகு. ஜெர்மனியில் மைல் கணக்கு.

நிலத்தின் மேல் ஓடும் தந்திக்கு இந்தக் குழப்பம் பெரிய தொல்லையாக இல்லை. இந்தியாவில் ஓ'ஷானசி 1850-களில் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, பம்பாய், சென்னை வரை தந்தி இழுத்தபோது தடித்த இரும்புக் கம்பியையே நம்பினார். புயலும் குரங்கும் பறவையும் அறுக்காத கம்பி அது. மழைக்காலத்தில் மின்சாரம் கசிந்தாலும் தாங்கக்கூடியது. கணக்கு இல்லாத குறையை உலோகம் ஈடுகட்டியது. கம்பி எங்காவது அறுந்தால் ஆள் குதிரையேறிப் போய்ப் பார்க்கலாம். கடலுக்குள் போட்ட கேபிளுக்கு அந்த வழி கிடையாது. இரண்டாயிரம் மைல் நீளமுள்ள ஒரு பொருள், இரண்டு மைல் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கரையில் இருக்கும் ஒரு முனையில் மின்சாரத்தை விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

1858-ன் அட்லாண்டிக் கேபிள் இந்தப் பாடத்தைக் கொடுமையாகக் கற்பித்தது. கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன் 1855-லேயே எச்சரித்திருந்தார். நீண்ட கேபிளில் செய்தி தாமதமாவது அதன் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும், கம்பியின் தடையைக் குறைக்காவிட்டால் வேகம் இராது, ஆகவே செம்பு தடிமனாக இருக்கட்டும் என்றார். கம்பெனியின் மின்பொறுப்பாளரான வைல்ட்மன் வைட்ஹவுஸ் அறுவை மருத்துவராக இருந்து மின்துறைக்கு வந்தவர். அவர் இந்தக் கணக்கை நம்பவில்லை. கடல் மைலுக்கு 107 ராத்தல் செம்பு மட்டுமே வைத்து கேபிள் தயாரானது. அந்தச் செம்பைத் தாம்சன் 1857-ல் சோதித்தபோது, ஒரே தடிமனும் ஒரே நீளமும் உள்ள துண்டுகள், வந்த ஆலையைப் பொறுத்து ஏறக்குறைய இரு மடங்குவரை மின்கடத்தலில் வேறுபடுவதைக் கண்டார். எந்த ஆலைக்காரரும் ஏமாற்றவில்லை. செம்பில் கலந்த சிறு அழுக்கு தடையை அப்படி ஏற்றும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அளந்து வாங்கவில்லை. 1858 ஆகஸ்ட் 5-ல் கேபிள் இரு கரைகளையும் தொட்டது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து கடலைக் கடக்க 16 மணி நேரம் பிடித்தது. மந்தமாக வரும் செய்தியை உந்தித் தள்ள வைட்ஹவுஸ் ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை மாட்டினார். அவை சுமார் 2000 வோல்ட் கொடுத்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். ஏற்கெனவே நலிந்திருந்த காப்பு அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் ஓய்ந்துவிட்டது. தடை, அழுத்தம், ஓட்டம் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் அழுத்தம் ஒன்று மட்டுமே ஆயுதமாக இருந்தது. அதைக் கூட்டிக்கொண்டே போனார். வைட்ஹவுஸ் ஒருவர் தலையில் முழுப் பழியையும் கட்டுவது நியாயமாகாது. அவசரமாகச் செய்து, வெயிலில் போட்டு, பலமுறை சுற்றி அவிழ்த்த கேபிள் அது. ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் எண் எவரிடமும் இருக்கவில்லை.

அடுத்து இன்னும் பெரிய அடி விழுந்தது. சூயஸிலிருந்து செங்கடல் வழியாகக் கராச்சிவரை 1859-60-ல் போட்ட கேபிள், முழு நீளத்துக்கும் ஒழுங்காக வேலை செய்யாமலே செத்தது. முதலீடு 8 லட்சம் பவுண்டு. 50 ஆண்டுகளுக்கு 4½ சதவீத வட்டி தருவதாக பிரிட்டிஷ் அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஆக, கடலடியில் கிடக்கும் பயனற்ற கம்பிக்காக ஆண்டுதோறும் 36,000 பவுண்டு மக்கள் வரிப்பணத்திலிருந்து போக வேண்டியதாயிற்று. அரசும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861-ல் அறிக்கை தந்தது. அதுவரை உலகில் போடப்பட்ட 11,000 மைலுக்கும் அதிகமான கடல் கேபிளில் சுமார் 3000 மைல்தான் உயிரோடு இருந்தது. தயாரிக்கும் ஆலையில், கப்பல் ஏற்றும்போது, போட்ட பின்பு என ஒவ்வொரு படியிலும் தடையை அளக்க வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். அளப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அலகு வேண்டுமே! அதே ஆண்டு செப்டம்பரில் மான்செஸ்டரில் நடந்த, பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் கேபிள் பொறியாளர்களான லாட்டிமர் கிளார்க்கும் சார்லஸ் பிரைட்டும் அலகுத் திட்டமொன்றை முன்வைத்தார்கள். ஓம், வோல்ட்டா, ஃபாரடே ஆகியோர் பெயரால் மின் அலகுகளை அழைக்கும் யோசனை அதில்தான் வருகிறது. தாம்சனின் தூண்டுதலில் தடைக்கு அலகு காணும் குழுவும் அங்கேயே பிறந்தது. கேபிள் பொறியாளர் ஃப்ளீமிங் ஜெங்கின் அதன் உழைப்பாளி. பின்னர் மேக்ஸ்வெல்லும் சேர்ந்தார்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும். அந்தக் குழு எடுத்துக்கொண்ட முறை, காஸும் வெபரும் ஜெர்மனியில் உருவாக்கிய தனிமுறை அளவை. மின்தடையை நீளம், நிறை, காலம் ஆகிய அடிப்படைகளிலிருந்தே வருவிப்பது. அது தூய அறிவியல்தானே, தொழிலுக்கு அதில் என்ன பங்கு? முறை அறிவியலுடையது, மறுப்பில்லை. ஆனால் அந்த முறையில் வரும் அடிப்படை அலகு கைக்கு அடங்காத அளவு சிறியது. அதைப் பத்தின் எத்தனையாவது மடங்காகப் பெருக்கி நிறுத்துவது என்பதை அறிவியல் தீர்மானிக்காது. 100 கோடி மடங்கில் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால், ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள பாதரசத் தம்பத்தைக் கொண்டு வெர்னர் சீமென்ஸ் 1860-ல் செய்திருந்த, தந்திக்காரர்களிடம் புழங்கிய அலகுக்கு அருகில் வந்துவிடும். வோல்ட்டையும் அப்படியே 10 கோடி மடங்கில் வைத்தார்கள். தந்தி அலுவலகங்களில் வரிசையாக நின்ற டேனியல் மின்கலம் ஒன்று ஏறக்குறைய 1.08 வோல்ட் தரும். நாம் இன்று பயன்படுத்தும் ஓமும் வோல்ட்டும் இந்த அளவில் இருப்பது தந்தி அறையின் வசதிக்காக. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1863-64-ல் மேக்ஸ்வெல், ஜெங்கின், பால்ஃபர் ஸ்டூவர்ட் முதலியோர் பூமியின் காந்தப் புலத்தில் கம்பிச் சுருளைச் சுழற்றி, அதன் நடுவே தொங்கிய சிறு காந்தம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து ஓமின் மதிப்பைக் கண்டார்கள். 1865-ல் பிளாட்டினமும் வெள்ளியும் கலந்த கம்பிச் சுருள்களாக அந்த அலகு வெளியே வந்தது. ஓமுக்குப் படிக்கல் கிடைத்தது, அவர் இறந்து 11 ஆண்டு கழித்து.

படிக்கல் வந்ததும் வகுத்தல் கணக்கு பணம் காக்கும் கணக்காயிற்று. ஒரு கேபிளின் செம்புக்குக் கடல் மைல் ஒன்றுக்கு 4 ஓம் என்று ஆலையிலேயே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு நாள் செய்தி நின்றுபோகிறது. கரையிலிருப்பவர் தெரிந்த அழுத்தத்தைக் கொடுத்து ஓட்டத்தை அளந்து வகுக்கிறார். 1200 ஓம் வருகிறது. உட்கம்பி அறுந்து நேரே கடல்நீரைத் தொட்டிருந்தால் பழுது 300 மைல் தொலைவில். உண்மையில் பழுதுபட்ட இடத்திலும் தடை இருக்கும், கடலின் குளிரும் செம்பின் தடையை மாற்றும். அவற்றைக் கழிப்பதற்கே வார்லி, முர்ரே என்போர் பெயர்களில் தனிச் சோதனை முறைகள் வளர்ந்தன. பழுதுபார்க்கும் கப்பல் எந்த இடத்தில் கொக்கியை இறக்க வேண்டும் என்பதை அந்த எண் சொன்னது. 1864-ல் பாரசீக வளைகுடாவில் இந்தியத் தந்திக்காக பிரைட் போட்ட கேபிள், ஆலையிலிருந்தே ஒழுங்காகத் தடை பார்த்துப் போட்டது, அது நிலைத்தது. 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட அட்லாண்டிக் கேபிளில் மைலுக்கு 300 ராத்தல் செம்பு. தாம்சன் கேட்ட தடிமன் ஒருவழியாகக் கிடைத்தது. சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த 1870-71-ன் கேபிள் இந்த அனுபவம் முதிர்ந்த பின் வந்தது. கல்கத்தாவில் லூயி ஷ்வெண்ட்லர் இந்தியத் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்கான கையேட்டை எழுதினார். தந்தி அலுவலகங்களில் தடை அளப்பது அன்றாட வேலையாயிற்று. இத்தனை கேபிள்களுக்கும் மின்காப்பாக அமைந்த கட்டாபெர்ச்சா, மலாய்க் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து எடுத்த பால். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மரங்கள் பல இடங்களில் அருகிப்போயின. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தச் செலவையும் எழுத வேண்டும்.

பிரிட்டிஷ் சுருளா, ஜெர்மானியப் பாதரசமா என்ற போட்டி 1881-ல் பாரிஸ் மாநாட்டில் தீர்ந்தது. மதிப்பு பிரிட்டிஷ் முறைப்படி, உருவம் பாதரசத் தம்பம் என்று முடிவாயிற்று. 1865-ன் சுருள்கள் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாக இருந்ததும் அதற்குள் தெரிந்துவிட்டது.

மின்திறனின் கதையும் இதே வழியில்தான் போகிறது. இங்கே தந்தியின் இடத்தில் விளக்கு. சால்ஃபர்டின் மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், நீராவி எந்திரத்தைவிட மின் எந்திரம் மலிவாகுமா என்று ஆராயப் புகுந்து, கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப இருக்கும் என்று 1841-ல் வெளியிட்டார். மின்கலத்தில் கரையும் துத்தநாகம் நிலக்கரியைவிட மிக அதிக விலை என்பதும் அவருக்குத் தெளிவாயிற்று. விதி ஏறக்குறைய 40 ஆண்டு காத்திருந்தது. 1878-79-ல் எடிசனும் அவருடைய கணிதர் ஃப்ரான்சிஸ் அப்டனும் நகரம் முழுவதற்கும் விளக்கு போடக் கணக்குப் பார்த்தபோது அது உயிர்பெற்றது. 100 வாட் விளக்கு ஒன்றை 10 வோல்ட், 10 ஆம்பியரில் எரித்தால் அதன் தடை 1 ஓம். வரும் கம்பியின் தடை 0.1 ஓம்தான் என்றாலும் அதிலேயே 10 வாட் வீண். அதே 100 வாட்டை 110 வோல்ட்டில் எரித்தால் ஓட்டம் 0.91 ஆம்பியர், விளக்கின் தடை 121 ஓம். கம்பியில் வீணாவது 0.1 வாட்டுக்கும் குறைவு. தடை குறைந்த விளக்கென்றால் தெருவுக்கடியில் புதைக்கும் செம்பின் விலையே கம்பெனியை மூழ்கடித்துவிடும். அதனால்தான் எடிசன் தடை அதிகமான இழையைத் தேடினார். கரியிழைக்கான அந்தப் புகழ்பெற்ற தேடலுக்குப் பின்னால் நின்றது செம்பின் விலைப்பட்டியல். 1882 செப்டம்பர் 4-ல் நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையம் 110 வோல்ட்டில் இயங்கத் தொடங்கியது. வாடிக்கையாளர் வீட்டுமானியில் இரண்டு துத்தநாகத் தகடுகள் கரைசலில் தொங்கும். அவ்வப்போது எடுத்து நிறுப்பார்கள். அழுத்தம் மாறாதிருப்பதால் ஓட்டத்தை அளந்தாலே ஆற்றல் தெரிந்துவிடும். அதே ஆண்டு பிரிட்டிஷ் அசோசியேஷன் தலைமையுரையில் வில்லியம் சீமென்ஸ், ஒரு வோல்ட்டில் ஒரு ஆம்பியர் தரும் திறனுக்கு ஜேம்ஸ் வாட்டின் பெயரை முன்மொழிந்தார். 1889 பாரிஸ் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் என்பது பிரிட்டனில் வணிக வாரியத்தின் விற்பனை அலகாயிற்று. நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் எண்ணப்படும் யூனிட்டும் அதே அளவுதான்.

கேபிள்கள் இல்லாதிருந்தாலும் ஆய்வுக்கூடங்கள் என்றாவது ஓர் அலகுக்கு வந்து சேர்ந்திருக்குமே என்று கேட்கலாம். சேர்ந்திருக்கும். ஆனால் 1827-லிருந்து 1861 வரை 34 ஆண்டுகள் அந்த வாய்ப்பு திறந்தே கிடந்தது. வந்தது ஆளுக்கொரு கம்பி. பேரரசின் செய்திக்கும் வணிகத்துக்கும் சேவகம் செய்யத்தானே இந்த அளவைகள் உண்டாயின என்று குறைசொல்பவரும் உண்டு. அந்தக் குறை சரியானது, மறைக்க வேண்டியதுமில்லை. அவசரம் எங்கே இருந்தது என்பதையே அதுவும் காட்டுகிறது.

தமிழில் அறிவியல் பாடநூல் எழுதுவோரிடம் கேட்பது ஒன்றே. ஓம் விதிக்குக் கீழே 'மின்னழுத்தம் இவ்வளவு, மின்னோட்டம் இவ்வளவு, தடை என்ன?' என்று வெறும் எண்ணாகக் கொடுக்கும் கணக்குகளோடு, சென்னைக் கரையில் நின்று கடலுக்கடியில் கேபிள் எத்தனையாவது மைலில் பழுதானது என்று கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றையும் சேருங்கள்; ஓமின் படத்துக்குப் பக்கத்தில் ஜெங்கினுக்கும் தாம்சனுக்கும் இரண்டு வரி கொடுங்கள்.